இரண்டேகால் மணிக்காரர்

அத்தியாயம் 14

கனவில் கடல் இருந்தது. நம்ம ஊர்க் கடல் இல்லை. கறுப்பாக, சத்தமே இல்லாமல், ஒரு ஜன்னலுக்குக் கீழே வந்து வந்து போகிற கடல். ஜன்னலில் ஒரு விளக்கு. விளக்கருகே ஒரு மனிதர் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் திரும்புங்களேன்," என்றாள் பொலெத்.

அவர் தோள் அசைந்தது. திரும்பத்தான் போனார். அதற்குள் வாசலில் பால்காரர் மணியடித்துவிட்டார்.

பொலெத் எழுந்து உட்கார்ந்தாள். மழை நின்று, நெல்லித்தோப்புத் தெருவில் தண்ணீர் ஓடும் ஓசை மட்டும் கேட்டது. சனிக்கிழமை. ழான்-லூக் கேட்டிருந்த சனிக்கிழமை.

போன ஈஸ்டர் பாஸ்குக்கு முன்னால், பக்கத்திலிருக்கும் சாரம் பகுதியில் தன் அண்ணன் அடக்கத்துக்காக ஃபிரான்ஸ் நாட்டு மார்சேயிலிருந்து வந்தவர் அவர். இருமல் மருந்து வாங்க மிஷன் வீதி ஃபார்மசிக்குள் நுழைந்து, மருந்து எடுத்துக் கொடுத்தவள் சின்ன வயதில் பார்த்தவள் என்று அடையாளம் கண்டு, "நீ பொலெத்தானே?" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான். மனைவியை இழந்தவர். நகராட்சி ஆபீசில் வேலை. ஒரே மகள் க்ளோயே. ஐம்பதைத் தொடப்போகிற பொலெத்துக்கு அன்றிலிருந்து நாள் தவறாமல் மெயில்.

முந்தாநாள் மெயிலில் கேட்டே விட்டார். ஜனவரியில் வந்து பங்குச் சாமியாரிடம் கோயிலில் நம் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லட்டுமா என்று. "லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை உன் பதில் வந்தால் திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன். க்ளோயே இன்னும் சரியென்று சொல்லவில்லை. அதற்காக நீ பயப்பட வேண்டாம்."

சரியென்று எழுதிவிடுவதென பொலெத் முடிவு செய்திருந்தாள். எதனால் என்று யாராவது கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். அவர் எழுதுகிற நேரத்தால்.

ஒவ்வொரு மெயிலுக்கும் பக்கத்தில் கம்ப்யூட்டர் நேரம் காட்டும். இரண்டேகால். இரண்டு இருபது. மறுபடி இரண்டேகால். ஊரே உறங்குகிற நடுச்சாமத்தில் ஒரு மனிதர் எழுந்து, விளக்கைப் போட்டு, தனக்கு எழுதுகிறார். இந்த வீட்டில் அண்ணி போன பிறகு அண்ணனுக்குச் சமைத்தாள், அண்ணன் மகனை வளர்த்தாள். அவளை நினைத்து யாரும் ஒரு ராத்திரிகூடத் தூக்கத்தைத் தொலைத்ததில்லை.

"அத்தை, மாமா காபி கேக்கறாரு," என்று சுவேதா வந்து நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்குத்தானே?" என்றாள்.

"உஷ்."

"நான் ஒண்ணும் கேக்கலப்பா."

சுவேதா, அண்ணன் மகன் ஜோர்தானின் மனைவி. ஜோர்தான் ஃபிரான்ஸில், துலூஸில் இருக்கிறான். இவளுக்கு விசாக் காகிதங்கள் இன்னும் வந்துசேரவில்லை. அதுவரை தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனி ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். இன்று அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் வேலையாம், லீவு விட்டுவிட்டார்கள். அத்தையின் ரகசியம் போன வாரம்தான் அவளுக்குத் தெரியும். தெரிந்ததிலிருந்து அவள் காலே தரையில் பாவவில்லை.

கூடத்தில் அண்ணன் ஒகுஸ்த் கம்ப்யூட்டருக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்ற பழைய சொல்தா. பனியனில்கூட மடிப்புக் கலையாது.

"சுவேதா! இங்க வா. உன் புருஷன் எழுதியிருக்கான். பத்து நாப்பது. காலைல பத்து நாப்பதா, ராத்திரி பத்து நாப்பதா?"

"அந்தக் கட்டம் குறுகலா இருக்கு மாமா. இழுத்து விட்டா பக்கத்துல ஏஎம், பிஎம் தெரியும்."

"ஏஎம்மாவது பிஎம்மாவது! அதெல்லாம் இங்கிலீஷ்காரன் வச்ச கணக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு பத்து மணியா? எங்க பட்டாள ரெஜிமான்ல ராத்திரி பத்து நாப்பதுன்னா இருபத்திரண்டு நாப்பது. அவ்ளோதான். ஒருத்தனும் முழிக்க மாட்டான்."

"சரி, மாத்தி வச்சுடறேன் மாமா."

"மாத்த முடியுமா?"

"கண்ட்ரோல் பேனலுக்குப் போயி, சின்ன எச் இருக்கற எடத்துல பெரிய எச் போட்டா மாறிடும்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீங்க இத்தன நாளா திட்டலையே மாமா!"

ஒகுஸ்த் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். சமையலறையில் பொலெத் காபியை ஆற்றிக்கொண்டு நின்றாள். காது திறந்துதான் இருந்தது. மனசு அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது.

ஃபார்மசியில் அன்று கூட்டமில்லை. மழைக்குப் பிறகு வந்த வெயிலில் தெரு முழுவதும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மீன் விற்கிற அஞ்சம்மாள் மட்டும் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

"யக்கா, தூக்க மாத்திர ஒண்ணு குடு."

"சீட்டு இல்லாம தர முடியாது அஞ்சம்மா. யாருக்கு?"

"எங்க வீட்டு ஆளுக்குத்தான். ராவெல்லாம் முழிச்சினே கெடக்குது."

"எதையாவது நெனச்சுக்கிட்டிருப்பாரு."

"என்னத்த நெனைக்கும்? நான்தான் பக்கத்துலயே கெடக்கறனே!"

பொலெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சம்மாள் அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

"என்னாக்கா, இன்னைக்கு மூஞ்சில ஒரு வெளிச்சமா கீற?"

"வெயிலு."

"வெயிலு எனக்குந்தான் அடிக்குது," என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கியது. அந்த வீதியில் ஒவ்வொரு ஷட்டராக இறங்குகிற சத்தம் கேட்கும். அப்புறம் நாலு மணி வரை இந்த ஊர் கண்ணைத் திறக்காது. கடைகள், கடைக்காரர்கள், வாசலில் கிடக்கிற நாய் எல்லாம் ஒன்றாக உறங்கும். வெள்ளைக்காரன் போய்விட்டான், மத்தியானத் தூக்கம் மட்டும் போகவில்லை. அந்த உறக்கத்துக்கு நடுவே, தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல, பொலெத் வீட்டுக்கு நடந்தாள். எட்டு மாதமாக இதுதான் அவளுடைய நேரம். அண்ணன் படுத்த பிறகு போன் லைனில் இன்டர்நெட்டைப் போட்டு, ராத்திரியே வந்து காத்திருக்கிற அவருடைய மெயிலை எடுத்து, பதில் எழுதுவாள்.

சாப்பாடு முடிந்தது. ஒகுஸ்த் தன் அறைக்குப் போய்க் கட்டிலில் நேராகப் படுத்தார். ஃபேன் சுற்றியது. பொலெத் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தாள். லைன் கிடைக்கும்வரை கீச்சென்று கத்தி ஓய்ந்தது.

'ஃபார்மசி' என்று பெயர் வைத்த தனிப் பெட்டியில்தான் அவருடைய மெயில்களைச் சேர்த்து வைத்திருந்தாள். கணக்கு வழக்கு என்றால் அண்ணன் அந்தப் பக்கமே வரமாட்டார். திறந்தாள்.

14:15. 14:20. 14:15. 14:10.

பொலெத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். 14:15.

"சுவேதா... சுவேதா!"

பாயில் படுத்திருந்த சுவேதா பதறி எழுந்து வந்தாள். "என்னாச்சு அத்தை? வந்துடுச்சா?"

"இதுல யாரு கை வச்சது? என்னாடி பண்ண?"

"மாமா கேட்டாரேன்னு மணிய மாத்தினேன். மெயில் எதுவும் அழியல அத்தை. காட்டற விதம் மட்டும்தான் மாறியிருக்கு."

"ரெண்டேகால்னு இருந்துச்சே."

"ஆமா. ரெண்டேகால்தான். பதினாலு பதினஞ்சுன்னா மத்தியானம் ரெண்டேகால்."

"மத்தியானமா?"

"பின்ன? பக்கத்துல பிஎம்னு இருந்துருக்கும். கட்டம் சின்னதா இருந்ததால மறைஞ்சு போயிருக்கும்."

பொலெத் விரலைத் திரையில் வைத்துப் பார்த்தாள். "சரி, அவருக்கு மத்தியானம்."

"அவருக்கு இல்ல அத்தை, நமக்கு. இந்தக் கம்ப்யூட்டரு நம்ம ஊரு நேரத்தத்தானே காட்டும்."

"அது எப்படி? தபால் வந்தா அனுப்பின ஊரு முத்திரைதானே குத்தியிருக்கும்?"

"இது தபால் இல்ல அத்தை..."

"அப்ப அவரு எழுதற நேரம் அங்க என்ன?"

சுவேதா விரல் விட்டுப் பார்த்தாள். "இப்ப நாலரை மணி கம்மி. காலைல பத்து மணிக்குக் கால் மணி முன்ன. நல்ல நேரம்தானே? ஆபீஸ்ல இருப்பாரு."

விளக்கு அணைந்தது. பொலெத்துக்கு அப்படித்தான் இருந்தது. அந்த ஜன்னலும், கீழே வந்து போன கடலும், குளிருக்கு அவளாகவே அவர் தோளில் போட்டுவிட்டிருந்த கம்பளியும் எங்கே போயின? அந்த இடத்தில் ஒரு மேஜை, டியூப்லைட், பக்கத்து சீட்டில் யாரோ ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம், பாதி குடித்த காபி. பத்து மணிக்கு வேலை சூடு பிடிக்கும் முன்னால், கை சும்மா இருக்கிற நேரத்தில் நாலு வரி.

"அத்தை, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. நான் வேற ஒருத்தருக்குச் சரின்னு சொல்ல இருந்தேன்."

"வேற ஒருத்தரா? யாரு?"

"ராத்திரில முழிச்சிருக்கறவரு ஒருத்தரு. அப்படி யாரும் இல்லபோல. நல்லா தூங்கி எந்திரிச்சு, டிபன் சாப்ட்டு, ஆபீஸ் போற மனுஷன்தான் இவரு."

"அதுல என்ன தப்பு? அவரு ராத்திரில எழுதறேன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"சொல்லல."

"அப்ப?"

"சொல்லலடி. நானேதான் உக்கார வச்சேன், நானேதான் வெளக்குப் போட்டேன். அதான் வெக்கமா இருக்குது." பொலெத் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "வேணாம்னு எழுதிடறேன். இந்த வயசுல இது என்ன கூத்து?"

"அத்தை, அவசரப்படாதீங்க, கொஞ்சம்..."

"என்னா சத்தம்?"

ஒகுஸ்த் வாசற்படியில் நின்றார். மத்தியானத் தூக்கம் கலைந்த முகம். அவர் கண் நேராகத் திரைக்குப் போனது. "மாத்திட்டியா? எல்லாப் பெட்டிலயும் மாறிச்சா, பாப்போம்." அணிவகுப்பைப் பார்வையிடுகிறவர்போல் வந்து குனிந்தார். பொலெத் எழுந்துகொண்டாள். மூடிவிட அவளுக்குத் தோன்றவில்லை.

"பதினாலு பதினஞ்சு. பதினாலு இருபது. நல்லாருக்குது." அடுத்து பெயரைப் பார்த்தார். "ழான்-லூக்? எந்த ழான்-லூக்? ஃபார்மசிக்கு மருந்து அனுப்பறவனா?"

சுட்டுவிரலால் பட்டியலை மேலிருந்து கீழே எண்ணினார்.

"என்ன இது, ஒருத்தன்கிட்ட இருந்தே இத்தன? எங்கேருந்து எழுதறான்?"

"மார்சேயிலேருந்து," என்றாள் பொலெத்.

"பொய். ஃபிரான்ஸ்லேருந்து எவனும் இந்த மாதிரி எழுத முடியாது."

"ஏன் மாமா?" என்றாள் சுவேதா.

"அக்தோபர் கடைசில அங்க கடியாரத்த ஒரு மணி பின்னால வைக்கறான்ல? ஜோர்தான் எழுதினத பாரு." தன் பெட்டியைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினார். "செப்தம்பர்ல வேலை முடிஞ்சு வந்து எழுதினது இருபத்தொண்ணு நாப்பது. நவம்பர்ல அதே வேலை முடிஞ்சு வந்து எழுதினது இருபத்திரண்டு நாப்பது. அங்க மாறினா இங்க காட்டறதும் மாறணும். மாறிச்சா?"

"மாறிச்சு மாமா."

"இப்ப இந்த ஆள பாரு. ஜூலை, பதினாலு பதினஞ்சு. செப்தம்பர், பதினாலு பதினஞ்சு. நவம்பர், அதே பதினாலு பதினஞ்சு. ஒரு மணியும் நகரல. ஃபிரான்ஸ்ல உக்காந்துக்கினு எவன் இப்படி எழுதுவான்? அந்த ஊரு கடியாரத்தயே அவன் பாக்கல. நம்ம ஊரு கடியாரத்தப் பாத்து எழுதறான்!" ஒகுஸ்த்தின் குரல் ஏறியது. "இந்த வீட்ல நான் எப்பப் படுக்கறேன், நீ எப்பத் தனியா இருக்கன்னு பாத்து எழுதறான். வெவரமான திருடன்!"

குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டவர்போல் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். பார்த்தவர் குழம்பிப்போனார். பொலெத் அழவில்லை, பயப்படவுமில்லை. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இன்னொரு வாட்டி சொல்லு. அங்க மணி மாறியும் அவரு மாத்தலையா?"

"மாத்தல. அதான் சொல்றேன்."

"வெயில் காலத்துல அங்க எத்தன மணிக்கு எழுதியிருப்பாரு?"

"பத்தே முக்கா."

"இப்ப?"

"ஒம்போதே முக்கா."

பொலெத்தின் கண் முன்னால் மேஜை மறுபடி வந்தது. இந்த முறை அதில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு மனிதர், கையில் பேனாவோடு, மற்றவர்கள் மார்சேயின் காலையில் வேலை பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் மிஷன் வீதியில் ஷட்டர்கள் இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்நேரம் சாப்பிட்டிருப்பாள். இந்நேரம் அண்ணன் படுத்திருப்பான். இந்நேரம் வந்து உட்காருவாள். ராத்திரித் தூக்கத்தைத் தொலைக்கவில்லை. பகலில், எல்லோருக்கும் நடுவில், கண்ணைத் திறந்துகொண்டே அவர் இந்த வீட்டில் இருந்திருக்கிறார்.

கனவு அவளுடையது மட்டும் இல்லை.

"யாரு பொலெத் அவன்?" ஒகுஸ்த் கேட்டார். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"சாரத்து ழான்-லூக். போன பாஸ்குக்கு முன்ன அவங்க அண்ணன் அடக்கத்துக்கு நீயும்தான் போன."

"அந்த ஒல்லிப் பையனா?"

"இப்ப ஒல்லி இல்ல. பையனும் இல்ல. என்னைக் கட்டிக்கறேங்கறாரு. ஜனவரில வரட்டுமான்னு கேக்கறாரு."

"உனக்கு வயசு என்னான்னு தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா? சொல்லு பாப்போம்."

ஒகுஸ்த் வாயைத் திறந்தார். கணக்குப் போட்டார். மூடிக்கொண்டார். சுவேதா உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தாள்.

"ஊரு என்ன பேசும்?"

"இந்நேரத்துக்கு ஊரு தூங்குது அண்ணா."

"கிண்டல் பண்ணாத. நீ போயிட்டா இந்த வீடு... இவளுக்கும் காகிதம் வந்தா ஏரோப்ளேன் ஏறிடுவா." அவர் சுவேதாவைக் காட்டினார். "நான் மட்டும் இருந்துக்கினு எவனுக்கு உத்தரவு போடறது?"

இத்தனை வருஷத்தில் அண்ணன் தனக்கு வேண்டும் என்று ஒன்றைக் கேட்டு பொலெத் பார்த்ததில்லை. உத்தரவாகத்தான் எல்லாம் வரும். அவள் மனசு ஒரு கணம் அவர் பக்கமாகச் சாய்ந்தது. தோசைக்கு மாவு கரைப்பது, பென்ஷன் நாளில் குடை எடுத்து வைப்பது, மாத்திரையை நாலாக மடித்த காகிதத்தில் வைத்துக் கொடுப்பது. எல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றன.

"அண்ணா, உன்னை விட்டுட்டுப் போறேன்னு நான் எங்கயும் சொல்லல. அவரு வரட்டுமான்னுதான் கேக்கறாரு. வந்து பேசட்டும். எங்க இருக்கறதுன்னு அப்பறம் மூணு பேரும் உக்காந்து சண்ட போடலாம்."

"நான் சம்மதிக்கலன்னா?"

"அப்பவும் அவர வரச் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். இந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது?

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் நின்றுகொண்டிருக்க அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஆங்கில எழுத்தில் தமிழை ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினாள். 'ஜனவரியில் வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.' எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அனுப்பினாள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது. தன் மெயிலுக்குப் பக்கத்தில் என்ன மணி விழுந்திருக்கிறது என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"அனுப்பிட்டியா?" என்றார் ஒகுஸ்த்.

"அனுப்பிட்டேன்."

அவர் ஜன்னலருகே போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றார். மறுபடி தூறல் ஆரம்பித்திருந்தது. சுவேதா மெல்ல வந்து அத்தையின் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"லைன கட் பண்ணிடறேன் அத்தை. பில்லு ஏறும்."

கட் செய்ததுதான் தாமதம், போன் அடித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒகுஸ்த். எடுத்தார்.

"அலோ? ...உய்." நிமிர்ந்தார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் புருவம் மெல்ல நெருங்கியது. பிறகு ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"ஒரு பொண்ணு. அவனோட மகளாம்."

"க்ளோயேவா?" பொலெத் எழுந்தாள்.

"காலைலேருந்து போடறாளாம், லைனே கெடைக்கலையாம். அப்பாவுக்குத் தெரியாம பேசறாளாம். நீ அவருக்கு எந்தப் பதிலும் எழுதறதுக்கு முன்ன உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம்." நிறுத்தினார். "அழறா பொலெத். வச்சிடட்டுமா?"

அண்ணன் முகத்தில் முதல் முறையாக ஒரு கேள்வி உத்தரவாக இல்லாமல் கேள்வியாகவே இருந்தது. பொலெத் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

"குடு அண்ணா."

ரிசீவர் சூடாக இருந்தது. அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம், அதற்கும் பின்னால் தூரத்தில் ஒரு பெரிய தெருவின் இரைச்சல்.

"க்ளோயே, நான் பொலெத் பேசறேன்மா. உங்க அப்பாவ நான் வரச் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு."